நரையும் ஊசியும்

பிசிராந்தையாரின் புறநானூற்றுப் பாடலை வகுப்பிலே படிப்பிக்கும் ஆசிரியர் எவரும் ஒரு கேள்வியை எதிர்பார்த்தே செல்லவேண்டும். வயது முதிர்ந்தும் தமக்கு நரை தோன்றாமைக்கு அப்புலவர் எண்ணெயையும் மூலிகையையும் காரணமாகக் கூறவில்லை. தம் வீட்டையும், நாட்டின் ஆட்சியையும், வாழும் ஊரையுமே காட்டுகிறார். "அப்படியானால் கவலைதான் நரைக்குக் காரணமா?" என்று மாணவர் கேட்பர்.

அண்மையில் எமது வகுப்பில் இக்கேள்வி வேறொரு வடிவில் எழுந்தது. இளமையிலேயே நரை கண்டுவிட்ட மாணவர் ஒருவர், பாடம் முடிந்தபின் ஒரு விளம்பரத் துண்டைக் கொண்டுவந்து காட்டினார். ஐயாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த, அரண்மனைகளில் காக்கப்பட்ட சீனக் குத்தூசி வைத்தியம் இளநரையையும் வழுக்கையையும் போக்கும் என்று அது கூறியது. "உண்மைதானா, சேர்?" என்றார். சிகிச்சைக்கெனக் குறிக்கப்பட்டிருந்த தொகை அவருடைய தந்தையின் ஒரு மாதச் சம்பளத்துக்குக் குறையாதது. அன்று நாம் அவருக்கு முழுமையான விடை கூறவில்லை. பின்னர் தேடிப் படித்தவற்றின் சாரத்தை இங்கு எழுத முற்படுகிறோம்.

முதலில் அந்த ஐயாயிரம் ஆண்டுக் கணக்கை நோக்குவோம். 1973ஆம் ஆண்டில் சீனத்தின் ஹூனான் மாகாணத்திலுள்ள மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையொன்றிலிருந்து பட்டிலே எழுதிய மருத்துவ ஏடுகள் கிடைத்தன. உடலில் ஓடும் பதினொரு நாடித் தடங்களை அவை கூறுகின்றன. அவற்றின்மேல் மூலிகையைச் சுட்டு வெப்பமூட்டும் முறையையும் கூறுகின்றன. ஆனால் அத்தடங்களில் ஊசி குத்துவதுபற்றி அவற்றிலே பேச்சில்லை. கி.மு. 113இல் அடக்கஞ் செய்யப்பட்ட இளவரசர் லியூ ஷெங்கின் கல்லறையிலோ பொன்னாலும் வெள்ளியாலுமான ஊசிகள் இருந்தன. ஊசி வைத்தியத்தை விரிவாகக் கூறும் மூலநூலான 'ஹுவாங்தி நெய்ஜிங்' உருப்பெற்றதும் ஏறத்தாழ அக்காலத்தை ஒட்டியேயாம். ஆகவே சான்றுகள் நம்மை இரண்டாயிரத்துச் சில நூறு ஆண்டுகளுக்கே அழைத்துச் செல்கின்றன. எஞ்சிய ஆண்டுகள் வணிகன் கூட்டிச் சேர்த்தவை.

அந்த மூலநூல் தலைமயிரைப்பற்றி என்ன கூறுகிறது என்பதே நமக்கு முக்கியம். பெண்ணின் வாழ்வை ஏழேழு ஆண்டுகளாகவும், ஆணின் வாழ்வை எட்டெட்டு ஆண்டுகளாகவும் அது வகுக்கிறது. பெண்ணுக்கு முப்பத்தைந்தில் மயிர் உதிரத் தொடங்கும். நாற்பத்திரண்டில் நரைக்கத் தொடங்கும். ஆணுக்கு நாற்பதில் உதிர்வும், நாற்பத்தெட்டில் காதோரத்து நரையும் தோன்றும். இதற்குக் காரணமாக அந்நூல் உடலின் உயிர்ப்பாற்றல் படிப்படியாகத் தளர்வதைக் கூறுகிறது. அவ்வாற்றலின் இருப்பிடம் சிறுநீரகம் என்றும், அதன் பொலிவு தலைமயிரிலே தெரியும் என்றும் அக்கால வைத்தியர் கருதினர்.

இதிலே ஓர் உண்மை பொதிந்துள்ளது. நரையையும் உதிர்வையும் அம்மூலநூல் முதன்மையாக நோயென்று கொள்ளவில்லை. மனித வாழ்வின் நியதியென்றே கொண்டது. எந்த நூலின் பெயரால் இன்று நரையை ஒழிப்பதாக விளம்பரஞ் செய்யப்படுகிறதோ, அந்த நூலே நரைக்கு ஒரு வயதைக் குறித்து வைத்திருக்கிறது.

வயதுக்கு முந்திய நரையும் உதிர்வுமே வைத்தியரின் கவனத்துக்கு உரியனவாயின. சிறுநீரகத்தின் ஆற்றல் குன்றியது, அல்லது குருதி வறண்டது என்பது அவர்கள் கண்ட விளக்கம். அதனாலேதான் தலைமயிருக்காக இடுப்பிலும் கணுக்காலிலும் ஊசி குத்தும் வழக்கம் எழுந்தது. வாடிய இலைக்கு நீர் வேண்டுமாயின் வேரில் ஊற்றவேண்டும் என்ற உழவனின் அறிவை ஒத்தது அது. உச்சந்தலையிலும் குத்துவர், நாடித் தடங்கள் பல கூடுமிடம் என்ற பொருளில் அவ்விடத்துக்கு 'நூறு சந்திப்பு' என்று பெயர். காய்ச்சலுக்குப் பின்னும், பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும், பட்டினியினாலும் மயிர் உதிர்வதை அவர்கள் கண்டிருந்தனர். தலைமயிர் முழு உடலின் நிலையைக் காட்டும் என்ற அவர்களுடைய கருத்து பொய்யன்று. ஆனால் அவர்கள் கூறிய சிறுநீரகம், உடலை அறுத்துப் பார்த்து அறிந்த உறுப்பன்று. அனுமானத்தால் அமைத்த ஒரு கருத்து.

அந்த அனுமானத்தோடு நின்றுவிடாதவர்களும் சீனத்தில் இருந்தனர். தலையில் காசளவு வட்டமாக மயிர் உதிர்ந்து வழுவழுப்பாகிவிடும் நோயை மக்கள் 'பேய் நக்கிய தலை' என்று அழைத்தனர். கி.பி. 610இல் சாவோ யுவான்ஃபாங் என்னும் வைத்தியர் தொகுத்த நோய்க் காரண நூல் அப்பெயரைக் குறிப்பிட்டாலும், காரணத்தைப் பேயிடம் விடவில்லை. தலையில் நுழைந்த காற்றுத் தோஷமே காரணம் என்றது. அவ்விளக்கம் இன்று நிற்காது. எனினும் பேயிலிருந்து காற்றுக்கு வந்தது அறிவின் பாதையில் ஓர் அடியேயாம்.

இன்னும் துணிந்தவர் வாங் சிங்ரென். 1797ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் மாண்ட ஏழைக் குழந்தைகளின் உடல்கள், ஆழமின்றிப் புதைக்கப்பட்டதனால் நாய்களால் சிதைக்கப்பட்டு வெளியே கிடந்தன. வாங் நாள்தோறும் அங்கு சென்று, உள்ளுறுப்புகளைத் தம் கண்ணாலே பார்த்தார்; முன்னோர் நூல்கள் பிழையென்று கண்டார். 1830இல் வெளிவந்த அவரது நூல், நோய்க்குப்பின் மயிர் உதிர்வது குருதிக் குறைவினாலன்று, தோலுக்கும் தசைக்கும் இடையே குருதி தேங்கி நிற்பதனால் என்று வாதிட்டது. அவருடைய முடிவுகளிலும் பிழைகள் உண்டு. ஆயினும், மரபென்பது கைகட்டி ஒப்புவிக்கும் பாடமன்று, சோதித்துத் திருத்தும் பொறுப்பு என்பதை அவர் செயலிற் காட்டினார்.

இனி, 'அரண்மனையில் காக்கப்பட்ட வைத்தியம்' என்ற பேச்சுக்கு வருவோம். அரசு இக்கலையை ஆதரித்த காலம் உண்டு. 1027ஆம் ஆண்டில் சொங் பேரரசின் ஆணைப்படி வாங் வெய்யி வெண்கலத்தால் ஓர் ஆளுருவை வார்ப்பித்தார். அதன் துளைகளை மெழுகால் மூடி, உள்ளே நீர்மம் நிரப்பி, மாணவரைச் சோதிப்பர். ஊசி சரியான இடத்தில் இறங்கினால் நீர் கசியும். ஆனால் 1822இல் தாவ்குவாங் பேரரசர், அரசரின் திருமேனிக்கு ஊசியும் சூடும் தகாதவை என்று கூறி, அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து அத்துறையையே நீக்கினார். அரண்மனை கைவிட்ட ஊசியை அதன்பின் பெரும்பாலும் வைத்திருந்தவர்கள் ஊர் ஊராய்த் திரிந்த எளிய வைத்தியர்களே. அவர்களை நாடியவர்கள், மருந்துக்கடைக்குக் கொடுக்கக் காசில்லாத உழவர்கள்.

மேலைநாட்டார் இதற்கு வழங்கும் 'அக்குபங்சர்' என்ற பெயரின் கதையும் நமக்கு அயலானதன்று. ஊசி, குத்து என்று பொருள்படும் இரு இலத்தீன் சொற்களின் இணைப்பு அது. 1683இல் அதனைத் தம் நூலில் வழங்கிய வில்லெம் தென் ரைனே, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் வைத்தியராக ஜப்பானிலே பணியாற்றியவர். அதே கும்பனிதான் அக்காலத்தில் யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்தும் ஆட்சி செலுத்திக்கொண்டிருந்தது.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது பழைய வைத்தியம் முழுவதுமே அழிவின் விளிம்பில் நின்றது. 1929இல் நான்கிங் அரசின் சுகாதார மாநாட்டில், ஜப்பானில் மருத்துவம் பயின்ற யூ யுன்ஷியு அதனைப் படிப்படியாக ஒழிக்கும் திட்டத்தை முன்வைத்தார். மார்ச் 17ஆந் திகதி ஷாங்காய் நகரில் பழைய வைத்தியர்கள் திரண்டு எதிர்க்கவே, திட்டம் கைவிடப்பட்டது. அக்காலத்திலே செங் தான்-ஆன் என்பவர் உடற்கூற்றியலைக் கற்று, குத்தும் இடங்களைக் குருதிக் குழாய்களிலிருந்து விலக்கி, மெல்லிய ஊசிகளைப் பரப்பினார். இன்று நாம் காணும் மயிரிழை போன்ற ஊசியும் அதன் முறையும் பெரிதும் இக்காலத்துச் சீர்திருத்தத்தின் பேறு.

அடுத்த கட்டம் யெனானில் நிகழ்ந்தது. 1944 ஒக்ரோபரில் மாஓ சேதுங் அங்கு ஆற்றிய உரையொன்றில், பதினைந்து இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்த எல்லைப் பிரதேசத்தில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் எழுத்தறியாதவர் என்றும், மந்திரவாதிகள் மட்டும் இரண்டாயிரம் பேர் என்றும் கூறினார். புதிய வைத்தியர்கள் பழைய வைத்தியர்களோடு இணைந்து அவர்களைத் திருத்தாவிட்டால், அது மந்திரவாதிக்கே துணைபோவதாகும் என்பது அவர் வாதம். மேலை மருத்துவம் பயின்ற ஜூ லியென் என்னும் பெண் வைத்தியர் அங்கே குத்தூசியைக் கற்றார். 1951இல் அவர் வெளியிட்ட 'புதிய குத்தூசியியல்' நரம்பு மண்டலத்தைக் கொண்டே ஊசியின் செயலை விளக்க முயன்றது.

அதே யெனானில், 1945இல், 'வெண்கூந்தற் பெண்' என்னும் இசைநாடகம் அரங்கேறியது. குத்தகை உழவன் ஒருவன் கடனுக்காகத் தன் மகளை நிலப்பிரபுவிடம் இழந்து உயிரை மாய்த்துக்கொள்கிறான். நிலப்பிரபுவால் சீரழிக்கப்பட்ட மகள் மலைக்குகைக்குத் தப்பியோடுகிறாள். உப்பும் வெயிலுமின்றி அவள் கூந்தல் முழுவதும் வெளுத்துப்போகிறது. கண்டவர்கள் பேயென்று அஞ்சுகின்றனர். எட்டாவது வழிப் படையினர் வந்து அவளை மீட்கும்வரை அவள் கதை எவருக்கும் தெரியாது. கவிஞர் து ஃபூ, பகைவர் பிடித்த சாங்-ஆன் நகரிலே 757இல் தம் நரைத்த தலையைப் பாடியபோது அது இலக்கியமாயிற்று. உழவர் வீட்டுப் பெண்ணின் நரை இலக்கியமாவதற்கு மேலும் ஏறத்தாழ ஆயிரத்திருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

1949இல் புதிய அரசு அமைந்தபோது ஐம்பது கோடிக்கு மேற்பட்ட மக்களுக்குப் பயிற்சி பெற்ற மருத்துவர் மிகச் சிலரே இருந்தனர். ஊசி மலிவானது, பையிலே எடுத்துச் செல்லத்தக்கது. 1955இல் பீஜிங்கில் சீன மருத்துவ ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. 1968 முதல் 'வெறுங்கால் வைத்தியர்' என்று பெயர் பெற்ற கிராமத்து இளைஞர்கள் தடுப்பூசியோடு குத்தூசியையும் சுமந்து சென்றனர். சிறு சுத்தியல் போன்ற பிடியில் ஐந்து அல்லது ஏழு ஊசிகளைப் பதித்து, மயிர் உதிர்ந்த இடத்தைச் சிவக்கும்வரை மெல்லத் தட்டும் முறையும் பரவியது. ஐந்து ஊசியாயின் பிளம் மலர் என்றும், ஏழாயின் ஏழு விண்மீன் என்றும் அதற்குப் பெயர். அதே காலத்தில் மிகைக்கூற்றுகளும் வளர்ந்தன என்பதை நாம் மறைக்கலாகாது. ஊசி ஒன்றினாலேயே பெரும் அறுவைகள் நடந்தன என்ற பிரசாரத்தில், உடன் கொடுத்த மயக்க மருந்துகள் பலவேளை மறைக்கப்பட்டன.

1971 ஜூலையில் பீஜிங்கில் குடல்வால் அறுவைக்கு உள்ளான அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்ரன், பின்னர் ஏற்பட்ட வயிற்று வேதனைக்கு ஊசி குத்தப்பட்ட கதையை எழுதினார். அடுத்த ஆண்டு நிக்சன் சீனம் சென்றார். உழவனின் ஊசி மேலைநாட்டுச் செல்வரின் சிகிச்சைக் கூடத்துக்குள் நுழைந்தது. காசுக்கு வழியற்றோரின் வைத்தியமாய் இருந்தது, காசு உள்ளோரின் அழகுப் பண்டமாக மாறியது. அங்கிருந்துதான் அந்த விளம்பரத் துண்டு எமது மாணவரின் கைக்கு வந்து சேர்ந்தது.

இன்றைய அறிவு கூறுவது என்ன? ஆண்களிற் பொதுவாகக் காணும் வழுக்கை மரபுவழியாலும் சுரப்புநீராலும் வருவது. ஊசியால் அது மாறும் என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை. 'பேய் நக்கிய தலை' உடலின் காப்பு மண்டலம் மயிர்க்கால்களையே தாக்குவதால் வருவது. சிறிய வட்டங்களில் மயிர் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முளைத்துவிடும். அப்போது யாரிடம் சிகிச்சை பெற்றாரோ அவருக்கே புகழ் சேரும். ஊசிபற்றிய சோதனைகள் பெரும்பாலும் சிறியனவாகவும் குறையுடையனவாகவும் இருப்பதால் இந்நோயிலும் முடிவு கூற இயலாது. நரைத்த மயிரை ஊசி கறுக்கச் செய்யும் என்பதற்கும் நம்பத்தக்க சான்றில்லை. கறுப்புத் தலையின் பெயரையே தாங்கிய 'ஹோ ஷோ வூ' என்னும் கிழங்கு ஊசியோடு சேர்த்து விற்கப்படுகிறது. அதனை உண்டவர்கள் கல்லீரல் பாதிப்புற்றமை பல நாடுகளிற் பதிவாகியுள்ளது.

கவலைக்கும் நரைக்கும் தொடர்புண்டா என்ற பழைய கேள்விக்கு 2020இல் ஒரு விடையின் தொடக்கம் கிடைத்தது. கடும் மன அழுத்தம் நரம்புகளைத் தூண்டி, மயிருக்கு நிறமூட்டும் மூலக் கலங்களை அழித்துவிடுவதை ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் எலிகளிற் கண்டனர். எலியிற் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்துதல் கூடாது. எனினும் வாழ்வின் சுமை மயிர்க்கால்வரை சென்று சேரலாம் என்ற எண்ணம் இனி வெறும் கற்பனையன்று.

அந்த மாணவரைப் பின்னர் அழைத்து இவற்றை எடுத்துரைத்தோம். பி12 உயிர்ச்சத்துக் குறைவும் தைரொய்ட் சுரப்பியின் கோளாறும் இளநரையோடு தொடர்புடையவை. அரசாங்க வைத்தியசாலையில் அவற்றைக் கட்டணமின்றிச் சோதிக்கலாம் என்றும் கூறினோம். எக்குறையும் இல்லையாயின் அந்த நரை அவர் குடும்பத்தின் வழிவந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "அப்போது இந்தக் காசு?" என்று கேட்டார். தந்தையிடமே இருக்கட்டும் என்றோம். வீட்டிலே அவருக்குக் கீழ் மூன்று பேர் படிக்கிறார்கள்.