லாப்சி: வழுவியோரும் வழுவமைதியும்

கி.பி. 249இல் அரியணை ஏறிய ரோமப் பேரரசர் டெசியஸ், குடிமக்கள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றுச் சீட்டுப் பெற வேண்டும் என ஆணையிட்டார். எகிப்தில் அத்தகைய பாப்பிரஸ் சீட்டுகள் நாற்பதுக்கும் மேல் கிடைத்துள்ளன. முதலைக் கடவுளின் பூசாரிணி ஒருத்தியும் சீட்டு வாங்கியிருக்கிறாள்! கிறித்தவர் மட்டுமே வரிசையில் நிற்கவில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? சீட்டு வாங்கியவர் ஒவ்வொருவரும், தாம் என்றுமே தெய்வங்களை வழிபட்டு வந்தவர் என்றுதான் எழுதிக் கொடுத்தார்.

அவர்களுள் கிறித்தவராய் இருந்தோரைத் திருச்சபை ‘லாப்சி’ என்றது. லத்தீனில் வழுக்கி விழுந்தவர் என்று பொருள். கிரேக்க வழிவந்த ‘அப்போஸ்தாத்தா’ இதனினும் கொடியது. கலகம் செய்து பிரிந்தவன் என்னும் அரசியல் வாடை அதில் உண்டு. நூறாண்டுக்குப் பின் பழைய தெய்வங்களிடம் மனமறிந்து திரும்பிய பேரரசர் ஜூலியனுக்கு அதுவே அடைமொழியாயிற்று. வழுக்கியவரோ எழக்கூடும். லாப்சி என்ற சொல்லைக் கையாண்டவர்கள் திரும்பி வரும் வாசலை மூட விரும்பவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும் எல்லா வழுக்கலும் ஒன்றல்லவே. பலியிட்டவர் ‘சாக்ரிஃபிகாத்தி’, தூபம் மட்டும் இட்டவர் ‘தூரிஃபிகாத்தி’, பலியிடாமலே பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவர் ‘லிபெல்லாத்திசி’. தப்பியோடியவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கார்த்தேஜ் ஆயர் சிப்ரியனே அப்போது தலைமறைவாகத்தான் இருந்தார். அதற்காக ஏச்சும் கேட்டார்.

நம் இலக்கணிகள் வழுவைக் கண்டதோடு நில்லாமல், தக்க காரணத்தால் அதை ஏற்கும் வழுவமைதியும் வகுத்தார்கள். 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் செய்ததும் அதுதான். சீட்டு மட்டும் வாங்கியவரை, அவரவர் நிலையை விசாரித்துத் திருச்சபையில் மீண்டும் சேர்க்கலாம். பலியிட்டவர் நெடுங்காலம் தவமிருந்து, சாகும் தறுவாயில் சமாதானம் பெறலாம். மீண்டும் துன்புறுத்தல் வரும் என்ற அச்சம் எழுந்ததும் அந்தக் கடுமையும் தளர்ந்தது. வழுவமைதியே கூடாதென்ற நொவேஷியன், ரோமில் போட்டி ஆயரானார்.

303இல் பேரரசர் டயோக்ளீஷியனின் ஆணை மறைநூல்களைக் கேட்டது. கொடுத்தவர்க்கு ‘திராதித்தோரெஸ்’ என்று பெயர்; ஒப்படைத்தவர் என்பதே நேர்ப்பொருள், காட்டிக்கொடுத்தவர் என்பதும் அதிலேயே அடக்கம். கார்த்தேஜ் ஆயர் சிசிலியனைத் திருநிலைப்படுத்திய ஃபெலிக்ஸ் அத்தகையவர் என்று எதிர்த்தரப்பு குற்றம் சாட்டியது. விசாரணையில் அவர் குற்றமற்றவர் எனத் தெரிந்தது. அக்குற்றச்சாட்டோடு எழுந்த ஆப்பிரிக்கத் திருச்சபையின் பிளவோ, ஆயர் அகஸ்தீன் காலத்திலும் ஆறவில்லை.