அந்த ஒன்பதில் பூமி எங்கே?

ஆறாம் வகுப்பு விடைத்தாள் ஒன்று நம் மேசைமீது கிடந்தது. ஞாயிற்றைச் சுற்றிவரும் கோள்கள் யாவை என்பது வினா. விடையாக ஒன்பது பெயர்கள், முத்து முத்தான எழுத்தில்: சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, இராகு, கேது. சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டோம், சுழியமும் போட்டோம். கலைப்பட்டம் பெற்றுக் கல்வராயன் மலைப் பள்ளிக்கு ஆசிரியராய் வந்து மூன்று திங்களே ஆகியிருந்த காலம். கோடிடுவதில் நமக்கிருந்த வேகம் கொஞ்சமன்று!

தாளை வாங்கிய சிறுமி அழவில்லை. "கோயில்ல எண்ணிப் பாத்தேன் சார், ஒம்பதுதான் இருக்கு" என்றாள்.

எண்ணிப் பார்த்தவளைக் குறை சொல்வது எப்படி? எண்ணாமல் மனப்பாடம் செய்தவர்க்கு முழு மதிப்பெண் கொடுத்த நாமல்லவா குற்றவாளி! ஒன்பது என்று அவள் சொன்னது சரி; அவ்வொன்பதில் நாம் நிற்கும் பூமி எங்கே என்று அன்றே அவளை நாம் கேட்டிருக்க வேண்டும்.

அப்பட்டியலில் பூமி இல்லை. ஏன் இல்லை? தரையில் நின்று வானைப் பார்த்த முன்னோர், இடம் பெயராத விண்மீன்களுக்கிடையே இடம் பெயர்ந்து உலவியவை ஏழு எனக் கண்டனர். ஏழு கிழமைகளுக்கும் அப்பெயர்களே வாய்த்தன. நிற்கும் இடமும் ஓடுகிறது என்று தோன்றாத காலத்தில் பூமியை அவ்வரிசையில் சேர்ப்பார் யார்? இராகுவும் கேதுவும் பொருள்களே அல்ல. ஞாயிறு செல்வதாகத் தோன்றும் வழியும் திங்களின் வழியும் வானில் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகள் அவை. அவற்றின் அருகே ஞாயிறும் திங்களும் பொருந்தும்போதுதான் மறைப்பு நிகழும். இதைக் கணித்தவன் அறிவாளி, ஐயமில்லை. பாம்பு விழுங்கும் கதையோ அவன் கணக்குக்கும் முந்தியது.

1543இல் கோப்பர்நிக்கசின் நூல் வெளிவந்தது; பூமியும் ஒரு கோளாயிற்று. 1781இல் யுரேனசைக் கண்டார் வில்லியம் எர்செல். 1846இல் நெப்டியூன், 1930இல் புளூட்டோ. சனிக்கு அஞ்சி எள் விளக்கு ஏற்றியவர்கள், அதற்கும் அப்பால் யுரேனசு சுற்றிக்கொண்டிருப்பதை அறியாமலே எத்தனை நூற்றாண்டுகள் நலமாக வாழ்ந்தனர்! புளூட்டோவும் 2006இல் வரிசையினின்று நீக்கப்பட்டது. புத்தகத்து ஒன்பது எட்டாயிற்று. கோயிலின் ஒன்பது ஒன்பதாகவே நிற்கிறது. தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும் துணிவு எதற்கு உண்டு என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்ளட்டும்.

இவையெல்லாம் வெள்ளையன் ஊரில் நடந்தவை, நமக்கென்ன என்பாரும் உளர். சென்னை நுங்கம்பாக்கத்தை அவர்கள் மறந்தனர் போலும். அங்கே 1792இல் வானாய்வுக் கூடம் எழுந்தது. 1861 ஏப்ரல் 17இல், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உலவும் சிறுகோள் ஒன்றை அங்கிருந்து கண்டார் நார்மன் போக்சன். ஆசியாக் கண்டத்திலிருந்து காணப்பட்ட முதற் சிறுகோளாதலின் அதற்கு 'ஆசியா' என்றே பெயர் வந்தது.

அக்கூடத்தில் உதவியாளராய் இருந்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டவர். 1874 டிசம்பர் 9இல் வெள்ளிக்கோள் கரும்புள்ளியாய் ஞாயிற்றின் முகத்தைக் கடக்கவிருந்தது. அதைக் கொண்டு ஞாயிற்றின் தொலைவை அளக்க உலகமே முனைந்திருந்த நேரம். இவரோ, அந்நிகழ்ச்சியைப் பொதுமக்கள் புரிந்துகொள்ள வேண்டுமென உரையாடல் வடிவில் சிறுநூல் எழுதினார். பஞ்சாங்கக் கணக்கைக் கண்ணால் கண்டதோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்றும் வாதாடினார். பஞ்சாங்கத்தை மதித்த குடியில் பிறந்தவரே அதைத் திருத்தச் சொன்னார் என்பதை நினைவிற் கொள்வோம்.

நம் மலைக்கு வருவோம். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்தது. மறு ஆண்டு, 1977 மார்ச் 10இல், தென்பெண்ணைக்கு வடக்கே சவ்வாது மலையின் காவலூரில், ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு விழித்திருந்தனர் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும். யுரேனசு ஒரு விண்மீனை மறைக்கவிருந்த இரவு அது. மறைக்குமுன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது! புதிய துணைக்கோள் என்றே முதலில் கருதினர். வானூர்தியில் பறந்தபடி அதே மறைப்பைப் பதிவு செய்த அமெரிக்கரின் குறிப்புகளும் பிற இடத்துக் குறிப்புகளும் சேர்ந்தபோது, யுரேனசைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பது தெளிவாயிற்று. அதே காவலூரிலிருந்து 1988இல் இராசமோகன் கண்ட சிறுகோளுக்குக் கணிதமேதை இராமானுசன் பெயர் சூட்டப்பட்டது. போக்சனுக்குப்பின் நூறாண்டுக்கு மேல் கழித்து இந்நாட்டிலிருந்து காணப்பட்ட சிறுகோள் அது. இருட்டும் தெளிந்த வானுமே காவலூரைத் தேர்ந்தெடுக்கக் காரணம். அவ்விரண்டும் நம் மலைக்கும் குறைவில்லை.

மறுநாள் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றோம். அரை மீட்டர் அகல முறம் ஒன்று ஞாயிறு. அந்த அளவுக்குப் பூமி ஒரு மிளகு. அதை ஏந்தி ஐம்பது மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும். வியாழன் எலுமிச்சம்பழம், இருநூற்றறுபது மீட்டர். நெப்டியூன் ஒரு நெல்லிக்காய், ஒன்றரைக் கிலோமீட்டர்! நெல்லிக்காயோடு ஓடிய பையன் மேட்டுக்கு அப்பால் மறைந்தே போனான். பாடநூற் படத்தில் கோள்கள் மணிமாலைபோல் நெருங்கிக் கிடப்பது எத்தகைய பொய் என்பதை அவன் கால்கள் அறிந்திருக்கும்.

மிளகை ஏந்தி நின்றவள் அச்சிறுமிதான். "இராகு கேது எங்க சார் நிக்கணும்?" என்றாள். குச்சியால் மண்ணில் இரண்டு வட்டங்களை ஒன்றையொன்று வெட்டுமாறு கீறிக் காட்டினோம். சற்றே நோக்கியவள், வெட்டும் இடங்கள் இரண்டிலும் கூழாங்கல் வைத்தாள். பிறகு இரண்டையும் எடுத்து எறிந்தாள்.

மாலையில் விடைத்தாளைத் திரும்ப வாங்கினோம். சுழியத்தை அடித்து, ஐந்து என்று எழுதினோம். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி எனக் கோள்கள் ஐந்தை அவள் முதலிலேயே சரியாகத்தான் எழுதியிருந்தாள்.