நூற்றுக்கு ஆறு: விரிவுரையாளர்கள் வீதிக்கு வந்த நூறு நாட்கள்

மலர்க்குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் கட்டுரை கேட்டபோது, "மச்சான், கல்லூரி நினைவுகள் எண்டு மட்டும் எழுதிப்போடாதை. அது ஏற்கெனவே கனக்க வந்திட்டுது. இப்ப படிக்கிற பொடியளுக்கும் உதவுற மாதிரி ஏதாவது எழுது" என்று சொல்லிவிட்டான். நான் தொழிலால் பொறியியலாளன். சரித்திரம் எழுதுபவன் அல்லன். ஆனாலும் நான் கம்பஸில் படித்த காலத்தில் கண்முன்னே நடந்த ஒரு சரித்திரம் உண்டு. எங்கள் கல்லூரியிலிருந்து வருடாவருடம் பல்கலைக்கழகம் போகும் தம்பிமார் பலருக்கு அது பற்றித் தெரியாது. 2012 ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் நூறு நாட்கள் நடத்திய வேலைநிறுத்தமே அது.

இலவசக் கல்வியின் அத்திவாரம்

கதையை 2012 இல் தொடங்கினால் விளங்காது. கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

அரசாங்க சபையில் கல்வி அமைச்சராக இருந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழு 1943 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் வழியே 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை என்பதே அதன் சாரம். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1942 இல், இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியிருந்தது. ஐவர் ஜென்னிங்ஸ் அதன் முதல் உபவேந்தர். 1952 இல் அது பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டு, பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவரானார். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் பின், 1979 இல், அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

தோட்டக்காரனின் பிள்ளையும் வியாபாரியின் பிள்ளையும் ஒரே மேசையில் இருந்து படிக்கலாம் என்ற நிலை இப்படித்தான் வந்தது. எமது கல்லூரியின் டாக்டர்மாரும் பொறியியலாளர்களும் கணக்காளர்களும் பெரும்பாலும் இந்த வாசலால் போனவர்களே. கட்டணம் கட்டாமல் படித்தோம் என்கிறோம். உண்மையில் கட்டணம் கட்டப்பட்டது. சீனிக்கும் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கட்டிய சனம் எங்களுக்காகக் கட்டியது.

ஆனால் வீட்டைக் கட்டினால் மட்டும் போதாது, கூரையும் மாற்றவேண்டும். காலப்போக்கில் பல்கலைக்கழகங்களும் மாணவர் தொகையும் கூடின. நாட்டின் வருமானமும் கூடியது. அந்த வருமானத்தில் கல்விக்கு விழும் பங்கு மட்டும் கூடவில்லை. 2010 அளவில் அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 வீதத்துக்கும் கீழே வந்துவிட்டது.

சம்பளத்தில் தொடங்கிய கதை

ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஆசிரியர் சங்கம் உண்டு. இவை சேர்ந்ததே பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துச் சுருக்கமாக 'ஃபூட்டா' என்பார்கள்.

2011 மே மாதத்தில் விரிவுரையாளர்கள் ஒரு வித்தியாசமான போராட்டத்தைத் தொடங்கினார்கள். துறைத் தலைவர், இணைப்பாளர் போன்ற, தாங்கள் விரும்பி ஏற்றிருந்த நிர்வாகப் பொறுப்புகளைத் துறந்தார்கள். அப்போது முக்கிய கோரிக்கை சம்பளம்தான். அதை மறைக்கத் தேவையில்லை. வெளிநாட்டுக்குக் கலாநிதிப் பட்டத்துக்குப் போகும் இளம் விரிவுரையாளர்களில் பலர் திரும்பி வருவதில்லை. பிணைப்பணத்தைக் கட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வெற்றிடத்துக்கு ஆள் எடுக்க விளம்பரம் போட்டாலும் தகுதியானவர் வருவது கஷ்டம். இந்த நிலையில் சம்பளக் கேள்வியும் கல்வியின் தரம் பற்றிய கேள்வியும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. அந்த ஆண்டு ஜூலையில் பேச்சுவார்த்தையோடு போராட்டம் நின்றது. கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை என்று சம்மேளனம் அடுத்த ஆண்டு மறுபடி கிளம்பியது.

இம்முறை கோரிக்கைப் பட்டியல் மாறியிருந்தது. சம்பளம் இருந்தது, அதற்கு மேலாக, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கவேண்டும், பல்கலைக்கழகங்களில் அரசியல் தலையீடு நிற்கவேண்டும் என்பனவும் இருந்தன. 2011 இல் புதுமுக மாணவருக்கு இராணுவ முகாம்களில் தலைமைத்துவப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டதும், வளாகப் பாதுகாப்பு வேலை பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள நிறுவனத்துக்குப் போனதும் அந்தக் காலத்துச் செய்திகள்.

நூறு நாட்கள்

2012 ஜூலை 4 ஆம் திகதி வேலைநிறுத்தம் தொடங்கியது. சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் கொழும்புப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் கலாநிதி நிர்மல் ரஞ்சித் தேவசிறி.

நான் அப்போது இரண்டாம் வருட மாணவன். "இரண்டு கிழமையில முடிஞ்சிடும்" என்று ஒரு பையோடு மட்டும் வீட்டுக்கு வந்தேன். ரயில் அப்போது யாழ்ப்பாணம் வரை ஓடவில்லை. ஏ9 வீதியில் இரவு பஸ்தான். இரண்டு கிழமை இரண்டு மாதமாயிற்று. ஊரில் கண்ட எல்லோரும், "என்ன தம்பி, கம்பஸ் இன்னும் துவங்கேல்லையோ?" என்று கேட்டார்கள். அம்மாவின் வாதம் நேரடியானது: "உங்கட சேர்மார் தங்கட சம்பளத்துக்கு நிக்கினம். அதுக்கு ஏன் பிள்ளையளின்ர படிப்பைக் கெடுக்கினம்?" நாட்டில் பாதிப்பேர் கேட்ட கேள்வி அது.

ஆகஸ்ட் பிற்பகுதியில் மருத்துவ பீடங்கள் தவிர்ந்த அரச பல்கலைக்கழகங்களை மூடும்படி அரசு உத்தரவிட்டது. விரிவுரையாளர்கள் அதற்குப் பதிலாக மக்களிடம் போனார்கள். அரச கல்வியைக் காப்போம் என்று பத்து இலட்சம் கையெழுத்துத் திரட்டும் இயக்கம் நடந்தது. செப்டெம்பர் 24 ஆம் திகதி காலியிலிருந்து கொழும்புக்கு நடைபயணம் தொடங்கினார்கள். நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட கரையோரப் பாதை. கண்ணாடி போட்ட பேராசிரியர்மார் வெயிலில் பதாகை பிடித்துக்கொண்டு நடந்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 28 ஆம் திகதி கொழும்பு ஹைட் பார்க்கில் பெருங்கூட்டத்தோடு அது முடிந்தது. தொழிற்சங்கங்களும் மாணவர்களும் பெற்றோரும் வந்திருந்தார்கள்.

ஒக்டோபர் 12 ஆம் திகதி, அரசோடு நடந்த பேச்சின் பின், வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. எண்ணிப் பார்த்தால் சரியாக நூறு நாள்.

அந்த ஆறு என்ன கணக்கு?

பொறியியலாளன் என்பதால் கணக்குப் பார்க்காமல் விடமுடியவில்லை. அப்போது பலர் விளங்கிக்கொண்டது, அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் 6 வீதம் என்று. அது வேறு, இது வேறு. நாடு ஒரு வருடத்தில் உற்பத்தி செய்யும் எல்லாவற்றின் பெறுமதியில் நூற்றுக்கு ஆறு என்பதே கோரிக்கை. அதுவும் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அல்ல. பாலர் வகுப்பிலிருந்து மேலே உள்ள முழுக் கல்விக்கும். இந்த எண் வானத்திலிருந்து விழுந்ததும் அல்ல. இந்தியாவில் 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி ஆணைக்குழு பரிந்துரைத்ததும் 6 வீதமே. 2015 இல் யுனெஸ்கோவின் முன்னெடுப்பில் உலக நாடுகள் ஏற்ற இலக்கும் 4 முதல் 6 வீதம் வரை என்பதுதான்.

2012 இல் இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 7 இலட்சம் கோடி ரூபாவைத் தாண்டியிருந்தது. அப்படியானால் 1 வீதம் என்பது 7,000 கோடிக்கு மேல். 2 இலிருந்து 6 க்குப் போக 28,000 கோடிக்கு மேல் வேண்டும். அதேநேரம் அரசின் முழு வருமானமும் உற்பத்தியில் 13 வீதத்தை ஒட்டியே இருந்தது. பதின்மூன்றில் ஆறு! அதாவது அரசுக்கு வரும் பணத்தில் ஏறக்குறைய பாதி. ஆகவே கல்விக்குப் பணம் தா என்ற கோரிக்கைக்குள் இன்னும் இரண்டு கேள்விகள் ஒளிந்திருந்தன. ஒன்று, இருக்கும் பணத்தை எதற்குச் செலவழிக்கிறோம்? மற்றது, வரியை யார் கட்டுகிறார்கள், யார் கட்டாமல் விடுகிறார்கள்?

இரண்டாவது கேள்வி பிற்காலத்தில் சம்மேளனத்தின் வாசலுக்கே வந்தது. 2019 இன் கடைசியில் செய்த வரிக்குறைப்புக்களும் சேர்ந்து, 2022 இல் அரச வருமானம் உற்பத்தியில் 8 வீதம் அளவுக்குச் சரிந்தது. நாடு வங்குரோத்தானது. 2023 ஜனவரியில் வருமான வரி மாதம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் உழைப்போருக்குக் கூட்டப்பட, உச்ச வீதம் 36 ஆனது. விரிவுரையாளர்கள் எதிர்த்தார்கள். உயர்தர விடைத்தாள் திருத்தும் பணியிலிருந்து விலகினார்கள், பெறுபேறு பிந்தியது. இந்த வரிமுறை நியாயமற்றது என்பது அவர்களின் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனாலும் அரசு கூடச் செலவழிக்கவேண்டும் என்பவர்கள், அரசுக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்பதற்கும் ஒரு தெளிவான விடை வைத்திருக்கவேண்டும். நான் அந்தப் போராட்டத்தின் அனுதாபிதான். அனுதாபியாகவே இதைச் சொல்கிறேன்.

எங்கட பக்கம்

யுத்தம் முடிந்து மூன்று வருடம்தான். காணி, காணாமற்போனோர், மீள்குடியேற்றம் என்று தலைக்கு மேல் வெள்ளம். 'இது தெற்கத்தையான் பிரச்சினை, எங்களுக்கு என்ன?' என்று பேசியவர்கள் இருந்தார்கள். எழுபதுகளின் தரப்படுத்தலை அனுபவித்த தலைமுறைக்கு, பல்கலைக்கழக விடயத்தில் அரசை நம்பச் சொல்வதே கடினம்.

ஆனாலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கமும் அந்தச் சம்மேளனத்தின் அங்கம். சிங்கள, தமிழ், முஸ்லிம் விரிவுரையாளர்கள் ஒரே கோரிக்கையில் நின்றது, அந்தக் காலச் சூழலில் சின்ன விஷயம் அல்ல. தனியார் கல்வி வாங்கக் காசுள்ளவர்களை அரச நிதி வெட்டு அவ்வளவாகப் பாதிக்காது. வன்னியில் தகரக் கொட்டகையில் படித்து வந்த பிள்ளைக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தை விட்டால் வேறு கதி இல்லை. இதை நினைத்தால், ஆறு வீதம் எங்களுக்குத்தான் கூடத் தேவைப்பட்டது எனலாம்.

மிஞ்சியது என்ன?

6 வீதம் கிடைக்கவில்லை. முதலீட்டைக் கூட்டுவோம் என்ற உறுதிமொழிகள் கிடைத்தன. நூறு நாள் போனது போனதுதான். எங்கள் பட்ச் பிந்தி வெளியேறியது. எங்களுக்குப் பின்னால் வரவிருந்த 2011 உயர்தரத் தொகுதி, இசட் புள்ளிக் குழப்பத்தில் உயர்நீதிமன்றம் வரை போய் அல்லற்பட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கு இது இரட்டை அடி. இந்த இழப்பை எந்த வெற்றி விழாவும் மறைக்கக்கூடாது.

அப்படியானால் வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. 2012 க்கு முன் கல்விச் செலவு பொருளியல் அறிஞர்களின் அட்டவணைக்குள் கிடந்த எண். அதற்குப் பின் அது சந்தியில் பேசும் எண். 2015 ஜனாதிபதித் தேர்தலில் வென்ற பொது வேட்பாளரின் விஞ்ஞாபனத்திலேயே 6 வீதம் ஏறியது. அந்தப் போராட்டங்களில் பங்குபற்றிய விரிவுரையாளர்களில் ஒருவரான ஹரிணி அமரசூரிய 2024 செப்டெம்பரில் நாட்டின் பிரதமரானார். வீதியில் கோரிக்கை வைத்தவர்கள் ஆசனத்தில் அமர்ந்தால் என்ன செய்கிறார்கள் என்பதை அளக்கும் கோலையும் அந்த நூறு நாட்களே எங்கள் கையில் தந்தன.

இப்போது படிக்கும் தம்பிமாருக்கு ஒரு சொல். உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் நாலைந்து பேருக்கு ஒருவர்தான் அரச பல்கலைக்கழகம் போகிறார்கள். அந்த ஒருவராக நீங்கள் போனால், அங்கே ஆய்வுகூடத்தில் ஒரு இயந்திரத்தைச் சுற்றிப் பதினைந்து பேர் நிற்பதைக் காணலாம். பதினைந்து பேருக்கு ஒரு இயந்திரம் என்பது வரவுசெலவுத் திட்டத்தில் யாரோ எடுத்த முடிவின் விளைவு. விரிவுரையாளர் கேட்பதால் மட்டும் அந்த முடிவு மாறாது. வரி கட்டும் தகப்பனும், படிக்கும் மகனும், வெளிநாட்டிலிருந்து கல்லூரிக்குக் கட்டடம் கட்டித்தரும் பழைய மாணவரும் சேர்ந்து கேட்கவேண்டும்.

பழைய மாணவர் அண்ணாமாரிடமும் ஒன்று கேட்கிறேன். நாங்கள் கல்லூரிக்கு ஸ்மார்ட் வகுப்பறை கொடுக்கிறோம், நன்று. அரசு செய்யவேண்டியதை அரசு செய்கிறதா என்றும் வருடம் ஒருமுறையாவது, பட்ஜெட் வாசிக்கும் மாதத்தில், விசாரிப்போம். எங்களுக்காக முன்பு ஆரோ கட்டிய காசுக்கு அந்தளவாவது கைம்மாறு செய்யவேண்டும்.