மைதானத்தில் எழுந்த வேலி

1989ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி, சனிக்கிழமை, லிவர்பூல் நகரத்து மக்கள் ஒரு நெடிய சங்கிலியைக் கோத்தனர். எவர்ட்டன் கழகத்தின் கூடிசன் பார்க் மைதானத்திலே தொடங்கி, ஸ்டான்லி பூங்காவை ஊடறுத்து, லிவர்பூல் கழகத்தின் அன்பீல்ட் மைதானம்வரை, ஏறத்தாழ ஒரு மைல் தூரத்துக்குக் கழுத்துச் சால்வைகள் ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டன. நீலம் எவர்ட்டனின் நிறம். சிவப்பு லிவர்பூலின் நிறம். ஒரு நூற்றாண்டுக் காலம் ஒன்றையொன்று தோற்கடிக்கப் போராடிய இரு கழகங்களின் ஆதரவாளர்கள் அன்று ஒரே துயரத்தில் நின்றனர். அதற்கு முந்திய சனிக்கிழமை ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், உதைபந்தாட்டம் பார்க்கச் சென்ற லிவர்பூல் மக்கள் இரும்பு வேலிக்குள் நசுங்கி மாண்டிருந்தனர்.

அந்த வேலி யாரால், எப்போது, எதற்காக எழுப்பப்பட்டது? எதிரணியின் ஆதரவாளன் உள்ளூர் ஆதரவாளனுக்கு அருகில் நின்று ஆட்டம் பார்ப்பது இயலாத காரியம் என்று இன்று பலரும் நம்புகின்றனர். அது மனித இயல்பு என்றும் சொல்லப்படுகிறது. சமூக வாழ்வில் நிலவும் எப்பிரிவினையையும் இயற்கையின்மேல் ஏற்றிவிடுவது ஆளுவோருக்கு வசதியான வழக்கம். வரலாறோ வேறு கதை சொல்கிறது.

உதைபந்தாட்டத்தை மக்கள் விளையாட்டாக்கியது கைத்தொழிற் புரட்சியாகும். 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளிற் பெண்களும் சிறாரும் செய்யும் வேலையைச் சனிக்கிழமை பிற்பகல் 2 மணியோடு நிறுத்தியது. அவர்களின்றி ஆலை ஓடாதாகையால், காலப்போக்கில் ஆண் தொழிலாளரும் அந்த அரைநாள் விடுமுறையைப் பெற்றனர். அவ்வோய்விலே தழைத்ததுதான் உதைபந்தாட்டம். 1883இல், நெசவாளரும் உலோகத் தொழிலாளரும் இடம்பெற்ற பிளாக்பேர்ன் ஒலிம்பிக் குழு, ஈட்டன் கல்லூரிப் பழைய மாணவரான சீமான்களின் குழுவை 2-1 என்ற கணக்கில் வென்று சங்கக் கிண்ணத்தை வடக்கே கொண்டுசென்றது. 1888இல் உதைபந்தாட்ட லீக் தொடங்கப்பட்டபோது, அதன் பன்னிரண்டு கழகங்களும் லங்காஷயரையும் மத்திய இங்கிலாந்தையும் சேர்ந்த தொழில் நகரங்களின் கழகங்களாகவே இருந்தன.

இந்த மைதானங்களில் தொழிலாளர் நின்றுகொண்டே ஆட்டம் பார்த்தனர். கூரையற்ற படிக்கட்டுகளில் தோளோடு தோள் உரச நின்ற கூட்டத்தில், உள்ளூரான் இவன், வெளியூரான் இவன் என்று பிரித்துவைக்கும் ஏற்பாடு பெரும்பாலான இடங்களில் இருந்ததில்லை. வெளியூரிலிருந்து சிறப்புப் புகையிரதங்களில் வந்திறங்கியோர் எந்த வாயிலாலும் நுழையலாம். விரும்பிய இடத்தில் நிற்கலாம். தம் குழு கோல் அடிக்கவேண்டிய பக்கத்தில் நிற்க விரும்பியோர், இடைவேளையில் அணிகள் திசை மாறியபோது, தாமும் மைதானத்தைச் சுற்றி மறுமுனைக்கு நடந்தனர். அவ்வாறு நடப்போர் எதிரணியாரை வழியிற் சந்தித்துச் சீண்டிப் பேசிக் கடந்து போயினர்.

1923ஆம் ஆண்டு வெம்பிளி மைதானத்தில் முதன்முதலாக நடந்த கிண்ண இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். பஞ்சாலை நகராகிய போல்ட்டனும், கிழக்கு லண்டன் தொழிலாளரின் வெஸ்ட் ஹாமும் மோதின. அதிகாரபூர்வக் கணக்கின்படி வந்தோர் 126,047 பேர். மதிலேறி வந்தோரையும் சேர்த்தால் இரண்டு இலட்சத்துக்கும் மேல் எனக் கணிப்போர் பலர். இரு தரப்பினரும் கலந்து நின்ற கூட்டம் இடமின்றி ஆடுகளத்துள் வழிந்தது. குதிரைப் பொலிசார் மெல்ல மெல்லக் கூட்டத்தை எல்லைக்கோட்டுக்கு நகர்த்தினர், ஆட்டம் நடந்தது, போல்ட்டன் 2-0 என்ற கணக்கில் வென்றது. காயமுற்றோர் பலர், ஆனால், ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. ஆடுகளத்துக்கும் மக்களுக்கும் இடையில் இரும்பு வேலி இல்லாமையே அவர்களுக்குப் புகலிடமாயிற்று. இதனை நாம் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

பழங்காலத்தைப் பொற்காலமென்று பாடுவது நமது நோக்கமன்று. 1902இல் கிளாஸ்கோ நகரத்து ஐபிரொக்ஸ் மைதானத்தில் மரப்படிக்கட்டு உடைந்து 25 பேர் மாண்டனர். 1946இல் போல்ட்டன் நகரத்துப் பேர்ண்டன் பார்க்கில் நெரிசலில் 33 பேர் மாண்டனர். உடல்களை எல்லையோரத்தில் கிடத்திவிட்டு ஆட்டம் தொடர்ந்து நடத்தப்பட்டது. நுழைவுப் பணம் செலுத்தியவனை எண்ணிக்கையாகவன்றி மனிதனாகக் காணாத மனப்பான்மை வேலிக்கும் முந்தியது. அதேபோல, எங்கும் எல்லோரும் கலந்து நின்றனர் என்றும் சொல்லுதல் இயலாது. கிளாஸ்கோவில் அயர்லாந்துக் கத்தோலிக்கக் குடியேற்றத்தாரின் கழகமாகப் பிறந்த செல்ற்றிக்கின் ஆதரவாளரும், புரட்டஸ்தாந்தரின் கழகமாக வளர்ந்த ரேஞ்சர்ஸின் ஆதரவாளரும் நெடுங்காலமாகவே தனித்தனி முனைகளில் நின்றனர். வேலைத்தலத்திலும் வாழ்விடத்திலும் பிரிக்கப்பட்ட மக்கள் மைதானத்திலும் பிரிந்து நின்றதில் வியப்பென்ன?

ஆயினும் அதே கிளாஸ்கோவில், 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி நடந்த சம்பவம் ஆராயத்தக்கது. ஸ்கொட்லாந்துக் கிண்ண இறுதியாட்டம் சமநிலையில் முடிய, மீளாட்டமும் சமநிலையில் முடிந்தது. மேலதிக நேரம் கொடுக்கப்படவில்லை. இன்னுமொரு முறை வாயிற்பணம் வசூலிக்கவே கழகங்கள் சூழ்ச்சி செய்கின்றன என்ற ஐயம் கூட்டத்திற் பரவியது. செல்ற்றிக், ரேஞ்சர்ஸ் ஆகிய இரு தரப்பாரும் ஒன்றாகவே ஆடுகளத்துள் இறங்கினர். கோல் கம்பங்களைப் பிடுங்கினர். பணம் வசூலிக்கும் கூடங்களுக்குத் தீயிட்டனர். அவ்வழிவை நாம் போற்றவேண்டியதில்லை. ஆனால், மதத்தால் பிரிந்த இரு கூட்டங்கள் சேர்ந்து நின்ற அந்த நாளில் அவற்றின் சினம் பாய்ந்த இடம் காசுப்பெட்டி என்பது பொருள்பொதிந்ததன்றோ?

மாற்றம் 1960களின் பிற்பகுதியிலே தெளிவாகத் தெரியலாயிற்று. கோல் கம்பத்துக்குப் பின்னுள்ள படிக்கட்டுகளை இளைஞர் தமது நிலமென உரிமை கொண்டாடினர். அதைக் கைப்பற்ற வெளியூர் இளைஞர் வந்தனர். கைகலப்புகள் பெருகின. 1970களில் நிறவெறி அமைப்புகள் இப்படிக்கட்டுகளில் ஆட்சேர்ப்பும் செய்தன. இவற்றை மறைப்பதாற் பயனில்லை. ஆனால், பழைய தெருக்கள் இடிக்கப்பட்டு அயல் உறவுகள் சிதறிய காலமும், தந்தையின் தொழிலை மகன் நம்பியிருக்க முடியாத நிலை தோன்றிய காலமும் அதுவே என்பதை மறந்து அவ்வன்முறையை விளங்கிக்கொள்ள முடியாது.

அரசும் கழகங்களும் நோயின் மூலத்தை ஆராயவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் படிக்கட்டுகளைப் புதுப்பிப்பதற்குச் செலவிடத் தயங்கியோர் வேலிக்குச் செலவிடத் தயங்கவில்லை. கூட்டம் உள்ளூர், வெளியூர் என இரண்டாக வகுக்கப்பட்டது. வெளியூரார் புகையிரத நிலையத்திலிருந்தே பொலிஸ் காவலில் நடத்திச் செல்லப்பட்டனர். படிக்கட்டுகள் மாட்டுப்பட்டிகளைப்போலக் கூறுபோடப்பட்டன. ஆடுகளத்தின் ஓரமும் இரும்பால் அடைக்கப்பட்டது. 1985இல் செல்சி கழகத்தின் தலைவர் வேலியில் மின்சாரம் பாய்ச்சவும் முற்பட்டார். லண்டன் மாநகர சபை தடுத்தமையால் அது நிறைவேறவில்லை. லூட்டன் கழகமோ 1986 முதல் 1990 வரை வெளியூர் ஆதரவாளரை அறவே உள்ளே விடவில்லை.

அதே 1985ஆம் ஆண்டின் மே மாதத்தில் நிகழ்ந்த இரு பேரழிவுகள் எதிரெதிரான பாடங்களைப் புகட்டுவனபோலத் தோன்றும். மே 11ஆம் திகதி பிராட்போர்ட் நகரில் பழைய மர அரங்கு தீப்பற்றி 56 பேர் மாண்டனர். அவ்வரங்கின் முன்னே வேலி இருந்திருந்தால், ஆடுகளத்துள் ஓடித் தப்பிய பெருந்தொகையினரும் மாண்டிருப்பர். மே 29ஆம் திகதி பிரசெல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில், லிவர்பூல் ஆதரவாளர் சிலர் பலவீனமான கம்பித் தடுப்பைத் தகர்த்து, பெரும்பாலும் இத்தாலியர் நின்றிருந்த பகுதிக்குட் பாய்ந்தனர். ஓடியோர்மேல் மதில் சரிந்தது. 39 பேர் மாண்டனர். இக்குற்றத்துக்காகப் பதினான்கு லிவர்பூல் ஆதரவாளர் தண்டிக்கப்பட்டனர். அந்தக் கறையைப் பொலிசாரின்மேலோ பாழடைந்த மைதானத்தின்மேலோ முற்றாகச் சுமத்திவிட்டு நாம் தப்பமுடியாது. எனினும், ஹெய்சலின் பின் எழுந்த குரல் ‘வேலியை உயர்த்து’ என்பதாகவே இருந்தது. பிராட்போர்ட்டின் பாடம் மறக்கப்பட்டது.

வேலியின்றி வாழ்தல் இயலும் என்பதற்குச் சான்று அந்நாட்டிலேயே இருந்தது. லிவர்பூல் நகரில் ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பும் தம்பி நீலமுமாக இருப்பது வழக்கம். 1984ஆம் ஆண்டு மார்ச்சில் லீக் கிண்ண இறுதியாட்டத்துக்கு இரு கழகத்தாரும் வெம்பிளி சென்றனர். துறைமுகமும் ஆலைகளும் ஓய்ந்து, வேலையில்லாத் திண்டாட்டம் நகரைக் கவ்வியிருந்த வேளை அது. சிவப்பும் நீலமும் அணிந்தோர் ஒருவரருகே ஒருவர் அமர்ந்தனர். தம் பிரதேசத்தின் பெயரையே இரு தரப்பாரும் சேர்ந்து முழங்கினர். வட இங்கிலாந்தின் றக்பி லீக் ஆட்டம் மற்றொரு சான்று. கூலியிழப்புக்கு ஈடு கேட்டு 1895இல் தனிவழி சென்ற அத்தொழிலாளர் விளையாட்டின் மைதானங்களில் இரு தரப்பு ஆதரவாளரும் கலந்து நிற்பது மரபாக இருந்துவந்தது. தொழிலாளி இயல்பாகவே முரடன், அவனை அடைத்துத்தான் வைக்கவேண்டும் என்ற வாதம் இங்கே உடைந்துபோகிறது.

இனி ஹில்ஸ்பரோவுக்கு வருவோம். 1989 ஏப்ரல் 15ஆம் திகதி, லிவர்பூலுக்கும் நொட்டிங்ஹாம் பொரஸ்டுக்கும் இடையே கிண்ண அரையிறுதியாட்டம். ஆதரவாளர் தொகை லிவர்பூலுக்கே அதிகம். ஆனால், இரு தரப்பாரும் நகருக்குள் வரும் பாதைகள் குறுக்கிடாமல் பிரித்துவைப்பதே முதல் நோக்கமாக இருந்தமையால், லிவர்பூலாருக்குச் சிறிய முனையாகிய லெப்பிங்ஸ் லேன் ஒதுக்கப்பட்டது. நின்று பார்க்கும் நுழைவுச்சீட்டுப் பெற்ற 10,100 பேருக்கு ஏழே சுழல்வாயில்கள். வெளியே நெரிசல் முற்ற, பொலிசார் ஒரு பெருவாயிலைத் திறந்தனர். உள்ளே வந்த கூட்டம், ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப்பட்டிகளுக்குள் ஒரு சுரங்கவழியாற் சென்றது. பக்கத்துப் பட்டிகளில் இடமிருந்தது; இடையே வேலி இருந்தது. முன்னே ஆடுகளம் இருந்தது. அங்கும் வேலி இருந்தது. வேலியேறித் தப்ப முயன்றோரைக் கண்ட பொலிசார், அது ஆடுகளத்தை ஆக்கிரமிக்கும் முயற்சி என்றே முதலில் எண்ணினர். வெம்பிளியில் 1923இல் மக்களைக் காத்த திறந்த வெளி ஹில்ஸ்பரோவில் மூடப்பட்டிருந்தது. அன்றைய காயங்களால் மாண்டோரின் தொகை, 2021இல் இறந்தவரையும் சேர்த்து, 97 ஆகும்.

உடலை நசுக்கியது வேலி; பெயரை நசுக்கியது பொய். தெற்கு யோர்க்ஷயர் பொலிஸ், 1984இல் ஓர்க்ரீவ் என்னுமிடத்தில் வேலைநிறுத்தஞ் செய்த சுரங்கத் தொழிலாளரைக் குதிரைகொண்டு தாக்கிய அதே படை. அது பழியை மாண்டோர்மேலேயே போட்டது. குடிவெறியர், பிணத்திடம் திருடியோர் என்று ‘சன்’ பத்திரிகை ‘உண்மை’ என்னும் தலைப்பிட்டு எழுதியது. பொலிசாரின் கட்டுப்பாடு தவறியமையே தலையாய காரணம் என்று நீதியரசர் டெய்லர் அதே ஆண்டு ஆகஸ்டிலேயே அறிக்கையிட்டார். ஆயினும் பழி அகலவில்லை. பொலிசாரின் வாக்குமூலங்கள் பெருமளவில் திருத்தப்பட்டமையை 2012இல் சுயாதீனக் குழு வெளிப்படுத்தியது. மாண்டோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர், ஆதரவாளரின் நடத்தை அதற்குக் காரணமன்று என்று 2016இல் மரண விசாரணை தீர்ப்பளித்தது. இருபத்தேழு ஆண்டுகள் தளராது போராடிப் பெற்ற தீர்ப்பு அது. மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் ஒருவருமில்லை.

டெய்லரின் 1990ஆம் ஆண்டு இறுதியறிக்கையின் பின் ஓரவேலிகள் அகற்றப்பட்டன. பெருங்கழகங்களின் மைதானங்களிற் படிக்கட்டுகள் போய்க் கதிரைகள் வந்தன. உயிர்கள் காக்கப்பட்டன என்பதிற் கருத்து வேறுபாடில்லை. ஆனால், 1992இல் பிரிமியர் லீக் தோன்றி, தொலைக்காட்சிப் பணம் வெள்ளமாய்ப் பாய்ந்தபோது, நுழைவுச்சீட்டின் விலை மற்றொரு வேலியாயிற்று. பழைய படிக்கட்டில் நின்றவனின் மகன் கதிரைக்குப் பணமின்றி வெளியே நின்றான். பிரித்துவைக்கும் முறையோ ஒழியவில்லை. உள்ளூர்ப் பகுதியில் அமர்ந்து தன் குழுவின் கோலுக்குக் கைதட்டும் வெளியூரான் இன்றும் வெளியேற்றப்படுகிறான். ஆர்ஜென்ரீனாவில் 2013இல் ஓர் ஆதரவாளர் கொல்லப்பட்ட பின் வெளியூரார் வருகையே தடை செய்யப்பட்டது. 2018இல் போக்கா, ரிவர் பிளேற் ஆகிய கழகங்களின் தென்னமெரிக்க இறுதியாட்டங்களுக்கு எதிரணியார் அனுமதிக்கப்படவில்லை. அப்படியிருந்தும் வன்முறை நிகழ்ந்து, இரண்டாம் ஆட்டம் மட்றிட் நகருக்கு மாற்றப்பட்டது. எதிராளியை அகற்றிவிட்டால் பகை அகன்றுவிடும் என்பது வெறும் மயக்கமே.

வேலிகளை இன்றே பிடுங்கி எறிந்தால் எல்லாம் நலமாகும் என்று நாம் கூறவில்லை. கலந்து நிற்றல் என்பது காவல் ஏற்பாட்டால் மட்டும் வருவதன்று. கலந்து வாழ்தலிலிருந்து வருவது. லிவர்பூலில் அதைக் காத்தது ஒரே வீடு, ஒரே தெரு, ஒரே துறைமுகம். கிளாஸ்கோவில் அதைக் கெடுத்தது வேலைவாய்ப்பிலும் நிலவிய மதப் பாகுபாடு. ஆதலின், மைதானத்து வேலியைப் பற்றிப் பேசுவோர் மைதானத்துக்கு வெளியேயுள்ள வேலிகளைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டவராவர்.

அதைச் செய்வோரும் இருக்கின்றனர். கழகம் வேறானாலும் சுரண்டல் ஒன்றே எனக் கண்ட பல கழகங்களின் ஆதரவாளர் சேர்ந்து போராடியமையால், வெளியூர் ஆதரவாளருக்கான நுழைவுச்சீட்டின் விலை 2016இல் 30 பவுணுக்கு மேற்படாது என வரையறுக்கப்பட்டது. 2015இல் எவர்ட்டன், லிவர்பூல் ஆதரவாளர் கூடி, ஆட்ட நாட்களில் மைதான வாயிலில் உணவுப்பொருள் சேர்த்து வறியோருக்கு வழங்கும் இயக்கத்தைத் தொடங்கினர். பசி எந்தக் கழகத்தின் நிறத்தையும் அணிவதில்லை என்பது அவர்கள் கண்ட உண்மை. 1989இல் சால்வைகளை முடிச்சிட்ட நகரத்திற்கு அதை எவரும் புதிதாகக் கற்பிக்கவேண்டியிருக்கவில்லை.