அரிய மண் காந்தம் இல்லாமல் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓடுமா? மோட்டாரை மாற்றும் கண்டுபிடிப்புகள்

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது பேட்டரியைப் பற்றித்தான். மோட்டாருக்குள்ளே என்ன இருக்கு என்று யாரும் கேட்பதில்லை. ஆனால், 2025 ஏப்ரலில் உலகமே அதைக் கேட்க வேண்டி வந்தது.

டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட 7 அரிய மண் தனிமங்களுக்கும், அவை சேர்ந்த காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. உலகின் அரிய மண் காந்தங்களில் சுமார் 90% அங்கேதான் தயாராகிறது. காந்தம் கிடைக்காமல் இந்தியாவிலும் ஸ்கூட்டர் உற்பத்தி அடிவாங்கியது.

அப்படி என்ன இருக்கு இந்தக் காந்தத்தில்?

மோட்டாரில் அசையாமல் இருக்கும் பாகம் ஸ்டேட்டர், சுழலும் பாகம் ரோட்டர். ஸ்டேட்டரின் செம்புச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் காந்தப்புலம் உருவாகி, ரோட்டரில் உள்ள காந்தத்தை இழுத்துச் சுழற்றும். காந்தம் வலுவாக இருந்தால் சின்ன மோட்டாரே பெரிய வேலை பார்க்கும்.

1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் மசாதோ சகாவாவும், அமெரிக்காவின் ஜான் குரோட்டும் தனித்தனியாக நியோடிமியம், இரும்பு, போரான் கலந்த காந்தத்தை உருவாக்கினார்கள். ஒரே குறை, சூடு ஏறினால் வலு குறையும். அதைத் தடுக்கத்தான் டிஸ்ப்ரோசியம் சேர்க்கிறார்கள். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

வழி 1: டிஸ்ப்ரோசியத்தைக் குறைப்பது

இந்தக் காந்தம் நுண்ணிய துகள்களால் ஆனது. வலு இழப்பு தொடங்குவது துகள்களின் ஓரத்தில். அதனால் டிஸ்ப்ரோசியத்தை முழுக்கக் கலக்காமல், காந்தத்தின் மேல் பூசிச் சூடாக்குகிறார்கள். அது துகள்களின் ஓரங்கள் வழியே மட்டும் உள்ளே ஊடுருவும். குறைந்த அளவே போதும். துகள்களை மேலும் சிறிதாக்கி, டிஸ்ப்ரோசியமே இல்லாத காந்தத்தை ஹோண்டாவும் டைடோ ஸ்டீலும் 2016-ல் ஹைப்ரிட் காருக்குக் கொண்டுவந்தன. ஆனால் நியோடிமியம் அப்போதும் தேவை.

வழி 2: காந்தத்தையே எடுத்துவிடுவது

நம்ம வீட்டுச் சாதாரண சீலிங் ஃபேனில் நிரந்தரக் காந்தம் கிடையாது. அதில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். நிக்கோலா டெஸ்லா 1888-லேயே காப்புரிமை வாங்கியது. ஆனால் ரோட்டரிலும் மின்சாரம் ஓடிச் சூடாக வீணாவதால், அதே வேலைக்கு பேட்டரி அதிகம் செலவாகும். பிஎம்டபிள்யூ, ரெனோ நிறுவனங்கள் சில கார்களில் ரோட்டரிலும் செம்புச் சுருளைச் சுற்றி, அதற்கு நேரடியாக மின்சாரம் கொடுக்கின்றன.

வழி 3: ஃபெர்ரைட் காந்தம்

ஸ்பீக்கரில் இருக்கும் கருப்புக் காந்தம்தான் ஃபெர்ரைட். மூலப்பொருள் இரும்பு ஆக்சைடு, விலை மலிவு. ஆனால் அதன் காந்தப்புலம் நியோடிமியத்தில் ஏறத்தாழ 3-ல் ஒரு பங்குதான். அந்தக் குறையை ஈடுகட்ட ரோட்டரின் எஃகுத் தகடுகளில் வளைவான துளைகள் போட்டு, எஃகு காந்தப்புலத்தோடு சேர்ந்து திரும்பும் இயல்பையும் பயன்படுத்துகிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக்கின் ஃபெர்ரைட் மோட்டாருக்கு 2025-ல் அரசுச் சான்று கிடைத்தது.

செம்பு சுற்றும் முறையும் மாறுகிறது

வழக்கமான உருண்டைக் கம்பியைச் சுற்றினால் இடையில் நிறைய இடம் வீணாகும். இப்போது பட்டையான செம்புக் கம்பியைக் கொண்டை ஊசி போல வளைத்து, ஸ்டேட்டர் பள்ளங்களில் செருகி, முனைகளை வெல்டிங் செய்கிறார்கள். அதே இடத்தில் அதிக செம்பு அடங்கும், சூடும் சீக்கிரம் வெளியேறும். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட வெல்டிங்கில் ஒன்று சரியில்லை என்றாலும் மோட்டார் கெட்டுப்போகும்.

அப்போ, காந்தம் இல்லாமல் ஓடுமா?

ஓடும். ஆனால் எடை, விலை, மைலேஜ் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த விட்டுக்கொடுப்பை எவ்வளவு குறைக்க முடியும் என்பதில்தான் இப்போது போட்டியே. அடுத்த முறை ஷோரூம் போனால், பேட்டரியோடு மோட்டாரைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள்.