பல கை சேர்ந்த கணக்கு

1987ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. நாடு கடும் வறட்சிக்கு உள்ளாயிற்று. மழை வரவைச் சில நாள் முன்னதாக அறிய, வானத்தை அண்ணாந்து பார்த்தால் போதாது, கணக்கிடல் வேண்டும். வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றும் வெப்பமும் ஈரமும் அழுத்தமும் எவ்வாறு மாறும் எனக் கணித்துச் செல்லும் பணி அது. கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் வேலை ஏறக்குறைய எட்டு மடங்காகும். நாளைய மழையின் கணக்கு நாளை மறுநாள் முடியுமாயின் உழவனுக்கு என்ன பயன்?

அந்நாளில் இத்தகைய கணக்குக்குப் பேர்போனவை அமெரிக்காவின் கிரே நிறுவனப் பொறிகள். இந்தியா கேட்டதினும் ஆற்றல் குறைந்த ஒன்றையே, அதுவும் வானிலைப் பணிக்கென்று, அமெரிக்க அரசு அனுமதித்தது. கிரே எக்ஸ்-எம்.பி./14 என்னும் அப்பொறி, தில்லியில் 1988இல் தொடங்கப்பெற்ற நடுத்தரக்கால வானிலை முன்னறிவிப்புத் தேசிய மையத்துக்கு வந்தது. அதிலிருந்த செயலி ஒன்றே ஒன்று.

அதே 1988இல் புனே நகரில் சி-டாக் என்னும் மையம் விஜய் பட்கர் தலைமையில் பிறந்தது. ஒரு பெரும் செயலிக்கு மாற்றாகச் சிறு செயலிகள் பலவற்றை இணைப்பதே அதன் வழி. பிரிட்டனில் உருவான டிரான்ஸ்பியூட்டர் என்னும் சில்லு ஒவ்வொன்றும் நான்கு இணைப்புகளை உடையது. அண்டையிலுள்ள நான்கு சில்லுகளோடு நேரே பேசவல்லது. அவற்றைக் கோத்து 1991இல் பரம் 8000 உருவாயிற்று.

மறுப்பே நமக்கு மதி தந்தது என்று இக்கதையை முடிப்பது வழக்கம். அதனை முழுதும் ஏற்பதற்கில்லை. பெங்களூரில் ரொத்தம் நரசிம்மா இயக்குநராக இருந்த தேசிய வானூர்தி ஆய்வகம், 1986இலேயே சாதாரணச் செயலிகளை இணைத்து ஃப்ளோசால்வர் என்னும் பொறியைச் செய்திருந்தது. பாய்மங்களின் ஓட்டத்தைக் கணிப்பதே அதன் நோக்கம். பிற்காலத்தில் பருவமழைக் கணக்கும் அவ்வழியில் செய்யப்பட்டது.

இணைப்பதினும் பகிர்வதே அரிது. கல்யாணச் சமையலில் பத்துப் பேர் கூடினால் காய் நறுக்கும் நேரம் குறையும். உலை கொதிக்கும் நேரம் குறையுமோ? வேலையில் பத்திலொரு பங்கு பகிரவொண்ணாததாயின், எத்தனை பொறிகளைச் சேர்த்தாலும் பத்து மடங்குக்கு மேல் விரைவு கிட்டாது. 1967இல் ஜீன் அம்டால் முன்வைத்த வாதத்தின் சாரம் இது. வானிலைக் கணக்கிலோ, ஒவ்வொரு செயலியும் தன் எல்லைக் கட்டத்தின் விடையை அண்டைச் செயலிக்கு அனுப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். ஒன்று தாமதித்தால் அனைத்தும் காத்திருக்கும்.

1994இல் அமெரிக்க நாசாவில், கடையில் கிடைக்கும் செயலிகள் பதினாறைச் சாதாரண வலைப்பின்னலால் இணைத்து 'பியோவுல்ஃப்' செய்தனர். பணம் குறைந்த பல்கலைக்கழகங்களும் இவ்வழி பற்றின. இத்தகைய தொகுதியைக் 'கொத்து' என்பதா, 'திரள்' என்பதா என மொழிபெயர்ப்பாளராகிய நாம் தயங்கியதுண்டு. முகிலுக்கும் பொருந்துதலின் 'திரள்' என்பதே நமக்கு உவப்பு.

2015இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய மீக்கணிப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன்வழி 2019இல் காசியில் பரம் சிவாய் நிறுவப்பட்டது. மழைக் கணக்குக்கோ, 2018இல் புனேயில் 'பிரத்யூஷ்', நொய்டாவில் 'மிஹிர்' என இரு பொறிகள் வந்தன. இரண்டும் கிரே நிறுவனத்தின் ஆக்கமே. ஆனால் இம்முறை அந்நிறுவனம் அனுப்பியது ஆயிரக்கணக்கான செயலிகளின் திரள். அவ்வாண்டு ஜூன் திங்கள் முதல், 12 கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களில் நம் மழை கணிக்கப்படலாயிற்று.