யார் இந்த டிக் கூல்ட்? மெக்கன்ரோ முதல் பிரையன் சகோதரர்கள் வரை உருவாக்கிய கல்லூரி டென்னிஸ் 'கோச்'சின் 38 ஆண்டுக் கதை

1977 ஜூலை. விம்பிள்டனில் 18 வயதுப் பையன் ஒருவன் தகுதிச்சுற்றில் இருந்து கிளம்பி நேரா அரையிறுதி வரைக்கும் வந்துவிட்டான். அங்கே ஜிம்மி கானர்ஸிடம் தோற்றான். அவன் பெயர் ஜான் மெக்கன்ரோ.

இன்றைக்கு இப்படி ஒரு பையன் வந்தால் என்ன நடக்கும்? ஸ்பான்சர்கள் வாசலில் வரிசை கட்டுவார்கள். ஆனால் மெக்கன்ரோ அடுத்த சில மாதங்களில் செய்தது வேறு. பையைத் தூக்கிக்கொண்டு காலேஜில் போய்ச் சேர்ந்தார். கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அங்கே அவருக்குக் கிடைத்த 'கோச்' பெயர் டிக் கூல்ட்.

ஒரே வருஷம்தான் படித்தார். 1978ல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் ஒற்றையர் பட்டம், அணிப் பட்டம் இரண்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டு தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். 1979ல் யுஎஸ் ஓபன் சாம்பியன்.

மெக்கன்ரோவின் கதை எல்லோருக்கும் தெரியும். அவர் கிளம்பிப் போன பிறகு அந்த 'கோச்' என்ன செய்தார் என்பதுதான் இங்கே விஷயம்.

யார் இந்த கூல்ட்?

டிக் கூல்ட் ஸ்டான்ஃபோர்டின் பழைய மாணவர். படிப்பு முடித்து, பக்கத்தில் இருந்த ஃபுட்ஹில் என்ற இரண்டாண்டு சமுதாயக் கல்லூரியில் டென்னிஸ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1966ல் ஸ்டான்ஃபோர்டு ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 2004 வரை, 38 சீசன், அதே இடம்.

அவர் பொறுப்பேற்றபோது நிலைமை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். 1960ல் இருந்து 1971 வரை, தொடர்ந்து 12 ஆண்டுகள், தேசிய அணிப் பட்டத்தை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் இரண்டு பல்கலைக்கழகங்கள்தான் மாற்றி மாற்றி வாங்கின. ஒன்று யு.சி.எல்.ஏ., இன்னொன்று யு.எஸ்.சி. ஆர்தர் ஆஷ் ஆடியது யு.சி.எல்.ஏ.வுக்கு. ஸ்டான் ஸ்மித் ஆடியது யு.எஸ்.சி.க்கு. கானர்ஸும் யு.சி.எல்.ஏ. பையன்தான். ஸ்டான்ஃபோர்டு அதுவரை ஒருமுறைகூட அணிப் பட்டம் வென்றதில்லை.

கூல்டுக்கு முதல் பட்டம் கிடைத்தது 1973ல். அதாவது ஏழாவது சீசனில். (இப்போதெல்லாம் ஒரு பயிற்சியாளருக்கு ஏழு வருஷம் பொறுமையாகக் காத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.)

அதற்கு அவர் போட்ட விதை சில ஆண்டுகளுக்கு முன்பே. டென்னசி மாநிலத்தில் இருந்து ராஸ்கோ டானர் என்ற இடதுகை வீரரை, நாட்டின் மறுமுனையில் இருந்து, ஸ்டான்ஃபோர்டுக்கு வரவைத்தார். இடி மாதிரி சர்வ் போடும் டானர்தான் பின்னாளில் 1979 விம்பிள்டன் இறுதியில் போர்க்கை ஐந்து செட் வரை இழுத்தவர். டானரைத் தொடர்ந்து சாண்டி மேயர். 1973ல் ஒற்றையர், இரட்டையர், அணி என மூன்று பட்டத்திலும் மேயரின் கை இருந்தது. அதே ஆண்டு விம்பிள்டனிலும் அவர் நஸ்டாஸேவை வீழ்த்தி அரையிறுதி வரை போனார். நம்ம சென்னையின் விஜய் அமிர்தராஜ் கோடெஷிடம் ஐந்து செட்டில் நூலிழையில் தோற்ற காலிறுதியும் அதே விம்பிள்டனில்தான்.

காலேஜ் டென்னிஸ் எப்படி ஆடுவார்கள்?

இதைப் புரிந்துகொள்ளாமல் கூல்டின் வேலையைப் புரிந்துகொள்ள முடியாது.

டென்னிஸ் என்றாலே நமக்கு ஒருத்தருக்கு ஒருத்தர் மோதுவதுதான் ஞாபகம் வரும். அமெரிக்கக் கல்லூரியில் அது அணி ஆட்டம். இரண்டு கல்லூரிகள் மோதும்போது ஆறு ஒற்றையர், மூன்று இரட்டையர் ஆட்டங்கள். மூன்று இரட்டையரில் இரண்டை யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு புள்ளி. ஆறு ஒற்றையருக்கும் தலா ஒரு புள்ளி. மொத்தம் ஏழு. நாலு எடுத்தால் வெற்றி. 1990களுக்கு முன்னால் இரட்டையர் ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளி உண்டு, மொத்தம் ஒன்பது.

ஆறு பேரும் திறமை வரிசைப்படி ஆட வேண்டும். நம்பர் 1 ஆடுபவர் எதிரணியின் நம்பர் 1 உடன், நம்பர் 6 ஆடுபவர் எதிரணியின் நம்பர் 6 உடன். வேண்டுமென்றே நல்ல ஆளைக் கீழே இறக்கி ஆட வைப்பது விதிமீறல்.

இங்கேதான் சூட்சுமம். நம்பர் 1 இடத்தில் மெக்கன்ரோ ஜெயித்தாலும் ஒரு புள்ளி. நம்பர் 6 இடத்தில், பெயரே யாருக்கும் தெரியாத ஒரு பையன் ஜெயித்தாலும் அதே ஒரு புள்ளி. ஒரு ஸ்டாரை வைத்துக்கொண்டு கல்லூரிப் பட்டம் வாங்க முடியாது. ஆறாவது ஆள் வரைக்கும் பலமாக இருக்க வேண்டும்.

அப்புறம் இன்னொரு சிக்கல். ஆறு ஒற்றையர் ஆட்டங்களும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து கோர்ட்டில் ஒரே நேரத்தில் நடக்கும். கல்லூரி ஆட்டத்தில் பயிற்சியாளர் கோர்ட்டுக்குள்ளேயே வந்து, பக்கம் மாறும்போது வீரரிடம் பேசலாம். தொழில்முறை ஆட்டத்தில் பல காலம் தடை செய்யப்பட்டிருந்த விஷயம் இது. ஆனால் ஆறு கோர்ட், ஒரு தலைமைப் பயிற்சியாளர், கூட ஓரிரு உதவியாளர்கள். நம்பர் 2 தடுமாறுகிறார், நம்பர் 5 மூன்றாவது செட்டில் இருக்கிறார். யார் பக்கத்தில் போய் உட்காருவது? வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது கண்ணிலேயே படாது.

இந்த முறையிலான நேரடி அணி மோதல் தேசியப் போட்டிக்கு வந்தது 1977ல். அதற்கு முன்பு தனிநபர் ஆட்டங்களில் ஒரு கல்லூரி வீரர்கள் சேர்க்கும் புள்ளிகளைக் கூட்டித்தான் அணிப் பட்டம் கொடுத்தார்கள். பழைய முறையில் இரண்டு பட்டம் (1973, 1974) வாங்கிய கூல்ட், புதிய முறை வந்த முதல் ஆண்டிலேயே அதையும் வாங்கினார்.

ஸ்டார்கள் போய்விட்டால்?

கல்லூரிப் பயிற்சியாளரின் பெரிய தலைவலி இதுதான். எவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் பையன் கிளம்பிவிடுவான். மெக்கன்ரோ ஒரே ஆண்டு. இரட்டையரில் 16 கிராண்ட் ஸ்லாம் வென்ற பாப், மைக் பிரையன் சகோதரர்கள் இரண்டே ஆண்டு. 1998ல் பாப் ஒற்றையர், இரட்டையர், அணி மூன்றையும் ஜெயித்தார், அத்தோடு கல்லூரிக்கு டாட்டா.

அப்படி இருந்தும் கூல்டின் பட்டியலைப் பாருங்கள்: 1973, 74, 77, 78, 80, 81, 83, 86, 88, 89, 90, 92, 95, 96, 97, 98, 2000. மொத்தம் 17 தேசிய அணிப் பட்டங்கள். வரிசையை இன்னொரு தடவை நிதானமாகப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். முதல் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் நடுவில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வெறுங்கையோடு போனதே இல்லை. ஆக, அந்தக் காலத்தில் நாலு வருஷம் முழுசாகப் படித்து முடித்த ஒவ்வொரு 'பேட்ச்' மாணவனும் குறைந்தது ஒரு சாம்பியன் அணியைப் பார்த்துவிட்டுத்தான் பட்டம் வாங்கினான். பால் கோல்ட்ஸ்டீன் என்ற வீரர் 1995 முதல் 98 வரை நாலு வருஷமும் ஆடி நாலு பட்டமும் வாங்கியவர்.

ஒற்றையர் சாம்பியன்கள் தனிக் கணக்கு. மேயர், விட்லிங்கர், மிட்செல், மெக்கன்ரோ, மேயாட், கோல்டி, பால்மர், ஓ'பிரையன், பாப் பிரையன், கிம் என பத்து பேர். அணியின் மொத்தக் கணக்கு 776 வெற்றி, 148 தோல்வி.

'ஸ்டான்ஃபோர்டு பெயரைக் கேட்டாலே பிள்ளைகள் ஓடி வருவார்களே, இதில் என்ன பெரிய சாதனை?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நல்ல வெயில், பெரிய பெயர், பணக்காரப் பழைய மாணவர்கள், எல்லாம் உண்மை. ஆனால் அதே வெயிலும் பெயரும் 1973க்கு முன்பும் இருந்தது, 2000க்குப் பிறகும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு ஆண்கள் அணி வென்ற 17 பட்டமும் கூல்ட் காலத்தில் வந்தவை.

தவிர, ஸ்டான்ஃபோர்டில் சேர்வதற்கு ராக்கெட் மட்டும் போதாது, மார்க்கும் வேண்டும். நன்றாக ஆடுகிறவனாகவும் இருக்க வேண்டும், நன்றாகப் படிக்கிறவனாகவும் இருக்க வேண்டும் என்றால் வலை வீசும் குளமே சின்னதாகிவிடும்.

நாலரை ஸ்காலர்ஷிப் கணக்கு

இந்த வேலையின் இன்னொரு பாதி, பணத்தைப் பிரிப்பது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, முதல் பிரிவில் ஆடும் ஆண்கள் டென்னிஸ் அணி ஒன்றுக்கு நீண்ட காலம் வைத்திருந்த உச்சவரம்பு நாலரை ஸ்காலர்ஷிப். பெண்கள் அணிக்கு எட்டு. ஆடவே ஆறு பேர் வேண்டும், நாலரைதான் கையில். எனவே பயிற்சியாளர் ஒருத்தருக்கு முழுசு, ஒருத்தருக்குப் பாதி, ஒருத்தருக்குக் கால் என்று பிய்த்துக் கொடுப்பார்.

2025-26 கல்வியாண்டில் இருந்து இந்த உச்சவரம்பு மாறிவிட்டது. புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்குப் பதில் அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்குத்தான் வரம்பு. டென்னிஸுக்குப் பத்து பேர். பத்து பேருக்கும் முழு உதவி கொடுக்க அனுமதி உண்டு. கொடுப்பதற்குக் கல்லூரியிடம் பட்ஜெட் உண்டா என்பது வேறு கதை.

நம்ம ஊர் பிள்ளைகளுக்கு இதில் என்ன?

நிறையவே உண்டு. சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்காக ஆடி 1995ல் தேசிய இரட்டையர் பட்டம் வென்றார். சென்னையில் படித்து வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் விர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே பிரையன் போலண்ட் பயிற்சியில் 2006ல் தேசிய ஒற்றையர் இறுதியில் தோற்றவர், 2007லும் 2008லும் அதே பட்டத்தை வென்றார். 2007 இறுதியில் அவர் வீழ்த்தியது ஜான் இஸ்னரை. 2008 சீசனில் சோம்தேவின் கணக்கு 44 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. இரண்டு வருஷம் கழித்து ஆசிய விளையாட்டில் தங்கம்.

இப்போதைய உதாரணம் மதுரைப் பையன் தட்சிணேஸ்வர் சுரேஷ். அவர் ஆடிய வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் 2025ல் தேசிய அணிப் பட்டம் வென்றது. அதே ஆண்டு செப்டம்பரில் சுவிட்சர்லாந்துக்கு எதிரான டேவிஸ் கோப்பையில் அறிமுகமாகி, முதல் ஆட்டத்திலேயே ஜெரோம் கிம்மை நேர் செட்களில் சாய்த்தார்.

தொழில்முறை டென்னிஸில் ஆரம்ப நிலையில் இருக்கும் பையனுக்கு விமான டிக்கெட், ஓட்டல், பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் அப்பா அம்மா பாக்கெட்டில் இருந்துதான் போகும். சின்னப் போட்டிகளில் கிடைக்கும் பரிசுப் பணம் அதற்குக் காணாது. கல்லூரி அணியில் இடம் கிடைத்தால் கோர்ட், பயிற்சியாளர், பயணம், பிசியோ எல்லாம் கல்லூரி பார்த்துக்கொள்ளும். கையில் ஒரு டிகிரியும் வரும்.

ஆனால் 'ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது' என்று கேள்விப்பட்டதும் சந்தோஷப்பட்டு நின்றுவிடாதீர்கள். முழுசா, பாதியா? ஒரு வருஷத்துக்கா, நாலு வருஷத்துக்கா? காயம்பட்டால் என்ன ஆகும்? முக்கியமாக, அந்தப் பயிற்சியாளரிடம் போன வருஷம் நம்பர் 5, நம்பர் 6 இடத்தில் ஆடிய பிள்ளைகள் இப்போது எந்த இடத்தில் ஆடுகிறார்கள் என்று பாருங்கள். முன்னேறியிருக்கிறார்களா, அணியை விட்டே போய்விட்டார்களா? பயிற்சியாளர்கள் உங்கள் பிள்ளையின் யு.டி.ஆர். ரேட்டிங்கைப் பார்த்துத்தான் பேச ஆரம்பிப்பார்கள். நீங்களும் அவர்களுடைய கணக்கைப் பார்ப்பதில் தப்பில்லை. கல்லூரி அணிகளின் ஆட்ட முடிவுகள் அந்தந்தப் பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இணையதளத்திலேயே, எந்த இடத்தில் யார் ஆடினார்கள் என்ற விவரத்தோடு இருக்கும்.

2004க்குப் பிறகு

கூல்ட் பயிற்சியாளர் பொறுப்பை விட்டாலும் ஸ்டான்ஃபோர்டை விடவில்லை. 2018 வரை அங்கேயே டென்னிஸ் இயக்குநராக இருந்தார். அவர் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ஜான் விட்லிங்கர். 1974ல் கூல்டுக்காக ஒற்றையர் பட்டம் வென்ற அதே மாணவர். 2014ல் அவருக்குப் பின் வந்தவர், நாலு வருஷத்தில் நாலு பட்டம் பார்த்த பால் கோல்ட்ஸ்டீன்.